சாப்பாட்டுப் பையில் ஒரு பேரிங்

பட்டறையில் அவளுக்குத் 'தராசு' என்று பேர். கப்பல் எஞ்சின்களின் டர்போசார்ஜரைப் பழுது பார்க்கும் பட்டறை. முதலாளி அவள் அண்ணன். அண்ணன் பேச்சாலேயே வேலை பிடித்து வருவார். பழுது பார்த்த தண்டைத் தங்கை மெஷினில் சுற்றவிட்டு, எடை ஒரு பக்கம் சாயவில்லை என்று பார்த்து, அதன் முனையில் தன் முத்திரையை அடிப்பாள். வாரத்தில் பாதி நாள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

டர்போசார்ஜர் என்றால் என்ன என்று பக்கத்து வீட்டில் கேட்டால் பொறுமையாகச் சொல்வாள். எஞ்சின் கக்குகிற சூட்டுப் புகை வெளியே போகிற வழியில் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் எண்ணெய் அதிகம் எரியும். மூன்று மாடி உயர எஞ்சினுக்குப் பலம் அப்படித்தான் வருகிறது. தண்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் போகும். அந்த வேகத்தில் ஒரு சிட்டிகை உப்பளவு எடை ஒரு பக்கம் கூடினாலும் சம்மட்டி அடிதான்.

அன்று வந்த சக்கரத்தில் தேய்ந்த பிளேடுகளை மாற்றியிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் வராவிட்டால் இனி வேறு பட்டறைதான் என்று கப்பல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு பிளேடையும் எடை போட்டுத்தானே மாட்டினோம், பெட்டியில் வை என்றார் அண்ணன். சும்மா கிடக்கும்போது தெரியாதது சுற்றும்போதுதான் தெரியும் என்றாள் அவள். அண்ணன் காதில் வாங்கவில்லை. அவர் லாரிக்குப் போன் செய்யத் திரும்பியதும், தண்டு உட்காரும் பேரிங்கை, அது இல்லாமல் பெட்டியை அனுப்ப முடியாது என்று, துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் மூச்சு வாங்க வாசலில் நின்றார்.

"பேரிங்கை எடு."

"சுத்திப் பார்க்கிறதா இருந்தா எடுக்கிறேன்."

"பட்டறை யாரோடதுன்னு ஞாபகம் இருக்கா?"

"உன்னோடதுதான். முத்திரை என்னோடது."

வேறு வழியில்லை. திரும்பிப் போய்த் தண்டை மெஷினில் ஏற்றினார்கள். சுற்றியது. எடை ஒரு பக்கம் கூடினால் ஆடுகிற முள் அசையவே இல்லை.

அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பார்த்தியா? ஒண்ணுமே இல்ல. இதுக்கா என்னைத் தெருவுல ஓட விட்ட?"

"ஒண்ணும் இல்லன்னு இப்பத்தான் அண்ணே தெரியும். மத்தியானம் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராதே என்றார் அண்ணன். அவள் தண்டின் முனையில் முத்திரையை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி அடித்தாள். காலிப் பையைத் தோளில் மாட்டினாள்.

"காலைல மெஷினுக்கு எண்ணெய் விடணும். சீக்கிரமே வந்துடுவேன், பூட்டித் தொலைச்சுடாத."