கடைக்குள்ளே சொல்லக் கூடாத இங்கிலீஷ்

போன மாதம் ஒருநாள் காலை, நான் பத்திரிகைக்குப் பத்தி எழுத உட்கார்ந்த நேரமாகப் பார்த்து தேன்மொழியிடமிருந்து போன். எதிர் வீடுதான். ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கேட்டாலே போதும். ஆனாலும் போன்!

"அக்கா, மார்ஜின்னா இன்னாக்கா?"

நோட்டில் இடது பக்கம் கோடு போட்டு விடுவோமே, அதுதான் என்றேன். எம்.ஏ. தமிழ் படித்தவளிடம் கேட்டால் வேறென்ன கிடைக்கும்? "சரிதான், நீயும் நம்ம கேஸ்தானா" என்று போனை வைத்துவிட்டாள்.

தேன்மொழி வீட்டின் முன் அறைதான் அவள் கடை. பட்டுப்புடவை. தறிக்காரர்களைப் பார்ப்பது கணவர் ரவி. கலர் சொல்வது, விலை வைப்பது, வந்தவர்களிடம் பேசி விற்பது எல்லாம் இவள். பேச்சு என்றால் அப்படியொரு பேச்சு! கைக்குட்டை வாங்க வந்தவரிடம்கூட கல்யாணப் புடவையைக் கட்டி அனுப்பிவிடுவாள். ஆனால் தமிழில்.

சிக்கல் டெல்லியில் இருந்து வந்தது. அங்கே ஒரு பெரிய கைத்தறிக் கண்காட்சி நடக்கும். வெளிநாட்டு வியாபாரிகள் வருவார்கள். ஸ்டால் வேண்டுமென்றால் முதலில் வீடியோ காலில் இன்டர்வியூ... முழுக்க இங்கிலீஷில். இதற்குப் பயந்தே தேன்மொழி இதுவரை விண்ணப்பித்ததில்லை. அவள் புடவைகள் மட்டும் டெல்லிக்குப் போகும். இங்கிலீஷ் தெரிந்த வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொண்டு போய், தன் கடை போர்டுக்குக் கீழே தொங்கவிட்டு விற்றுவிட்டு வருவார். போன தடவை அந்த ஸ்டால் போட்டோவை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். நடுவில் ஜம்மென்று தொங்கியது தேன்மொழியின் மாம்பழக் கலர் புடவை. அன்று முழுக்க அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

"பொடவை என்னுது, போர்டு அவருதாக்கா?" என்று சாயங்காலம் கேட்டாள்.

இந்த வருஷம் விண்ணப்பித்துவிட்டாள். இன்டர்வியூவுக்கு ஒரு மாதம் இருந்தது.

என் மார்ஜின் ஞானம் அம்பலமான அன்றே ஆள் மாற்றிவிட்டாள். எங்கள் தெருக்கோடியில் நஸ்ரின் இருக்கிறாள். கல்லூரியில் காமர்ஸ் பாடம் எடுக்கிற பெண். மாலை வேளைகளில் கடையிலேயே வகுப்பு. முகூர்த்த சீசனில் கடையை விட்டு நகர முடியுமா? நானும் போய் ஓர் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். கற்றுக்கொள்ள என்றுதான் சொல்லிக்கொண்டேன்... உண்மையில் வேடிக்கை பார்க்க.

நான் எதிர்பார்த்த வேடிக்கை நடக்கவில்லை. தேன்மொழி பறந்தாள். பட்டும் ஜரிகையும் வாங்க, நெசவுக்கூலி கொடுக்க, புடவை விற்கும்வரை கையில் இருக்க வேண்டிய பணத்துக்கு ஒர்க்கிங் கேப்பிட்டல் என்று பெயர் என்றாள் நஸ்ரின். தேன்மொழி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாகத் தன் தூக்கத்தைக் கெடுத்த சமாச்சாரத்துக்கு இவ்வளவு ஸ்டைலான பெயரா என்று ஒரே சந்தோஷம். வருஷ விற்பனைக்கு டர்ன்ஓவர், விற்றதில் மிஞ்சுவதற்கு மார்ஜின், அலமாரியில் இருக்கும் சரக்குக்கு இன்வென்ட்டரி, பணம் வந்து போவதற்குக் கேஷ் ஃப்ளோ... ஒவ்வொன்றையும் புதுப் புடவையைப் பிரித்துப் பார்ப்பது போலப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டாள். அந்த வாரமே ரவியிடம், "உன் கேஷ் ஃப்ளோ சரியில்லபா" என்று சொல்ல, மனிதர் டாக்டரிடம் போக வேண்டுமோ என்று பயந்துபோனார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு வார்த்தை வரும்வரை.

"ப்ராஃபிட்" சொன்னாள். அடுத்து "லாஸ்" சொல்லுங்கள் என்றாள் நஸ்ரின். தேன்மொழி வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

எங்கள் ஊர்க் கடைகளுக்குள் போய்ப் பாருங்கள். கேட்ட கலர் இருக்காது. ஆனால் "இல்லை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "நாளைக்கு வரும்மா" என்பார்கள். இரவில் கடையை மூட மாட்டார்கள், எடுத்து வைப்பார்கள். நஷ்டம் என்ற சொல்லோ வாசல்படி தாண்டி உள்ளேயே வராது. போனால் போகிறது என்று, கையைக் கடித்துவிட்டது என்பார்கள். அதையும் மெதுவாகத்தான்.

இது இங்கிலீஷ்தானே, மகாலட்சுமிக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று சீண்டினேன்.

"இப்பல்லாம் எல்லாருக்கும் தெரியும்க்கா" என்றாள், சிரிக்காமல்.

நஸ்ரின் திட்டுவாள் என்று பார்த்தால், அவளும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள். அவள் அப்பாவும் கடை வைத்திருந்தவராம். அவர் கடையிலும் அந்த வார்த்தைக்கு இடம் கிடையாதாம். அது மட்டுமில்லை. பெரிய பெரிய கம்பெனிக்காரர்களும் சொல்ல மாட்டார்களாம். நெகட்டிவ் க்ரோத் என்பார்களாம், கரெக்‌ஷன் என்பார்களாம். வளர்ச்சிதான்... ஆனால் கீழ்நோக்கி! கோட்டு சூட்டுப் போட்ட சேர்மன்களும் எங்கள் தேன்மொழியும் ஒரே கட்சி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரே ஒரு வித்தியாசம். அவர்கள் பங்குதாரருக்குப் பயந்து சொல்வதில்லை. இவள் சாமிக்குப் பயந்து.

விற்காமல் தேங்கிவிட்ட சரக்கை டெட் ஸ்டாக் என்பதற்கும் இதே கதி. கடைக்குள் சாவைப் பற்றிப் பேசுவதா? அதற்கு மாற்றுப் பெயர் அவளே வைத்துக்கொண்டாள். லாஸுக்குத்தான் மாற்று கிடைக்கவில்லை. அந்தக் கேள்வி வராது என்று மூன்று பேருமாகச் சேர்ந்து முடிவு செய்தோம். எவ்வளவு வசதியான முடிவு!

இன்டர்வியூ போன செவ்வாய்க்கிழமை. புடவைகளைக் கேமராவில் காட்ட வேண்டும் என்பதால் கடையிலேயே லேப்டாப்பை வைத்தாகிவிட்டது. நஸ்ரினுக்குக் கல்லூரி. ரவி தறிக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்... டென்ஷன் தாங்காமல் ஓடிவிட்டார் என்பதே சரி. புடவை எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு.

திரையில் இரண்டு பேர். ஒரு மேடம், ஒரு சார். மேடம் நல்ல மாதிரி. சார் முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. டர்ன்ஓவர் கேட்டார், சொன்னாள். மார்ஜின் கேட்டார், சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் கேட்டார், எந்த வருஷமாவது லாஸ் வந்திருக்கிறதா, ஏன் வந்தது என்று.

தேன்மொழி பேசவில்லை.

அவர் மறுபடி கேட்டார். சத்தம் கேட்கவில்லையா என்றார். சொல்லித் தொலையேன் என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து வாயசைத்தேன். அவள் கல்லாவுக்கு மேலே இருந்த மகாலட்சுமி படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், போர்டும் போச்சு, டெல்லியும் போச்சு என்று நினைத்தேன்.

"ஒன் மினிட், சார்."

லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கினாள். எழுந்தாள். வாசல்படி தாண்டினாள். செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி நின்றாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஓர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்.

நடுத்தெருவில் நின்று, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"யெஸ், சார். ஒன் இயர், லாஸ். பிக் லாஸ்."

அப்புறம் நிறுத்தவே இல்லை. பட்டு வாங்கும் முன்பே ஆர்டருக்கு விலை பேசிவிட்டதை, பிறகு பட்டு விலை ஏறியதை, தப்பு தன்னுடையது என்பதை, இப்போதெல்லாம் பட்டை வாங்கி வைத்துவிட்டுத்தான் விலை சொல்வதை... இலக்கணம் அங்கங்கே தடுக்கி விழுந்தது. விஷயம் ஓர் இடத்திலும் விழவில்லை. சொல்லி முடித்தாள். திரும்பிக் கடைக்குள் வந்தாள். உட்கார்ந்து தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

எதற்காக வெளியே போனீர்கள் என்று மேடம் கேட்டார்.

"ஷாப் இஸ் லக்‌ஷ்மீஸ் ஹவுஸ், மேடம். இன்சைட், ஒன்லி ப்ராஃபிட்."

மேடம் சிரித்த சிரிப்பில் அவர் கண்ணாடி நழுவியது. சார் அசரவில்லை. டெட் ஸ்டாக் எவ்வளவு என்றார்.

"நோ டெட், சார். ஸ்லீப்பிங் ஸ்டாக். ஆடி மன்த், டிஸ்கவுன்ட். ஐ வேக் இட் அப்."

ஆடி என்றால் என்ன என்று அவர் கேட்க, இவள் விளக்க, அந்த மனிதரும் கடைசியில் சிரித்தேவிட்டார். எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் சம்பிரதாயத்துக்கு. தேன்மொழி கேட்டாள். புடவை அனுப்புகிற செலவு யாருடையது? வருகிறவர்கள் வாங்க வருகிறார்களா, பார்க்க வருகிறார்களா? பதில் சொல்ல இப்போது அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கையிலிருந்த புடவையில் துடைக்கப் போய், விலை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து போன். தேர்வாகிவிட்டாள்! தெருவுக்கே பாதுஷா கொடுத்தார் ரவி.

ஸ்டால் போர்டில் என்ன பெயர் என்று கேட்டார்கள். ரவி அவளையே காட்டினார். தேன்மொழி நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல், இங்கிலீஷில் சொன்னாள். அப்புறம் எழுத்தை எவ்வளவு பெரிதாகப் போடுவீர்கள் என்று விசாரித்தாள். பெரிய எழுத்து என்றால் தனிக் கட்டணமாம். வீண் செலவு வேண்டாமே என்று ரவி மெதுவாக இழுத்தார்.

"செலவு இல்லபா" என்றாள் தேன்மொழி, போனைக் கையால் மூடிக்கொண்டு. "இன்வெஸ்ட்மென்ட்."