இசக்கிசெல்வி தேச்ச இரும்பு

எனக்கு இசக்கிசெல்விய நெனச்சா பாவமா இல்ல, ஆத்திரமா வருது. சாத்தான்குளத்துப் பக்கத்துலேர்ந்து வந்து, எங்க பென்னலூர்ல ரூம் எடுத்துத் தங்கிகினு, ஒரகடத்துல நான் கூட்டிப் பெருக்குற டெஸ்டிங் லேப்ல நாலு வருஷமா வேலை பாக்குறா. வண்டிக்குப் போற இரும்புலேர்ந்து ஒரு துண்ட வெட்டி, விரிசல் கீதான்னு அங்க மைக்ராஸ்கோப்புல பாப்பாங்க. அதுக்கு முன்னாடி அந்தத் துண்ட சுத்துற மெஷின்ல வச்சு, மூஞ்சி தெரியுற அளவுக்குத் தேய்க்கணும். தேய்க்கிறது இவ. ஒரு கீறல் வுழுந்தா மறுபடி மொதல்லேர்ந்து. ரெண்டு கையிலயும் நகம் பாதிதான் கீது. ரிப்போர்ட்ல கையெழுத்து மட்டும் இன்ஜினியர் பிரவீனோடது.

எங்கள வேலைக்கு அனுப்புற ஏஜென்சி பேப்பர்ல அவளும் என்னை மாதிரி ஹவுஸ்கீப்பிங்தான். இந்த வருஷம் லேப் வேலை செய்றவங்கள பர்மனன்ட் பண்றோம்னு கம்பெனி சொல்லுச்சு. அந்த வேலைதான் செய்றேன்னு காட்ட அவகிட்ட ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

அந்த நேரம் பாத்து கம்பெனியப் பத்தி அச்சடிக்கிற புக்குக்கு போட்டோ எடுக்க ஒருத்தர் வந்தாரு. "மெஷின்கிட்ட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கடி, அதான் உனக்கு ஆதாரம்"னு படிச்சுப் படிச்சு சொன்னேன். தலையாட்டுனா. போட்டோக்காரர் இன்னா பண்ணாரு, வெள்ளைக் கோட்டு போட்ட பிரவீன மெஷின்ல நிக்க வச்சாரு. அந்தாளுக்குத் துண்ட பிடிக்கவே தெரியல, ரெண்டு வாட்டி எகிறிப் போச்சு. இந்தப் பைத்தியக்காரி சும்மா நின்னாளா? "சார், கட்டைவிரல உள்ள வச்சு லேசா அமுக்குங்க"ன்னு ஓடிப்போய் அவரு கைய சரியா வச்சுட்டு, படத்துல வுழாம ஒதுங்கிகினா.

"உன்ன எடுக்கச் சொல்றதுக்கு இன்னாடி வாய் வலிச்சுச்சா?"ன்னு கேட்டேன்.

"தப்பாப் பிடிச்சா துண்டு பாழாப் போயிருமேக்கா."

புக்கு வந்துச்சு. இவ எச்ஆர் சசிகலா மேடம்கிட்ட போய், "நாலு வருசமா நாந்தான் தேய்க்கேன் மேடம்"னா. மேடம் நல்லவங்கதான். அந்தப் பக்கத்தத் திருப்பிக் காட்டுனாங்க.

"தேய்க்கிறது பிரவீன் சார்னு போட்டோவே இருக்கேம்மா. எவ்ளோ கரெக்டா பிடிச்சிருக்காரு பாரு."

நான் வாசல்ல தொடப்பத்தோட நின்னு கேட்டுகினு இருந்தேன்.

பர்மனன்ட் போச்சு. ஹவுஸ்கீப்பிங் ஆள் மெஷின தொடக் கூடாதுன்னு வேற சொல்லிட்டாங்க. திங்கக்கிழமைலேர்ந்து என்கூட பாத்ரூம் கழுவ வந்தா. நாலாம் நாள் பிரவீன் பாத்ரூம் வாசல்ல வந்து நின்னாரு.

"கீறலா வுழுதும்மா. யாருக்கும் தெரியாம வந்து தேச்சுக் குடுத்துட்டுப் போயேன்."

"போவாதடி!"ன்னு கத்துனேன்.

கைய சுடிதார்ல துடைச்சுகினா. "இந்தா வந்துருதேன்க்கா"ன்னு அவரு பின்னாடியே போயிட்டா. சாயந்தரம் வரைக்கும் வரல. அவ பங்கு பாத்ரூமையும் நானே கழுவுனேன்.