அக்கா முகத்துக்கு வந்தது அம்மை இல்லை

இன்னைக்குக் காலையில எங்க அக்காவுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தினாங்க!

அம்மை இறங்கினா வேப்பிலை போட்ட தண்ணிய ஊத்துவாங்கல்ல, அதேதான்.

ஆனா அக்காவுக்கு வந்தது அம்மை இல்ல.

அது அக்காவுக்குத் தெரியும், அத்தானுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தண்ணி ஊத்தின மாமியாருக்கும் தெரியும்!

இத எழுதச் சொன்னதே அக்காதான். ("பேர் போடாத, தோட்டத்துப் பேரும் போடாத. படம் போட்டா கொன்னுடுவேன்.")

கல்யாணமானதுல இருந்து அக்கா கர்ப்பத்தடை மாத்திரை எடுத்தா. தேயிலைத் தோட்டத்து லயத்துல ஒரே காம்பரா, அந்த ஒரு அறையில நாலு பேர். புது வீட்டு வேலை தொடங்கின பிறகு பிள்ளை பெத்துக்கலாம்னு அவளும் அத்தானும் பேசி வச்சிருந்தாங்க.

மாமியாருக்கு மட்டும் சொல்லல.

அவங்கள நான் அத்தைன்னு கூப்பிடுவேன். அத்தை கோயில் கோயிலா வேண்டுதல் வச்சாங்க. போன ஆடியில, மருமகளுக்குப் பிள்ளை வரம் கேட்டு அவங்களே தரையில போட்டு மண்சோறு சாப்பிட்டாங்க. அக்கா பக்கத்துல தண்ணிச் செம்போட நின்னா.

அப்புறம் வீட்டுக்கு அத்திவாரம் போட்டாங்க. அக்கா மாத்திரைய நிறுத்தினா.

ரெண்டு மூணு மாசத்துல முகமே மாறிடுச்சு. தாடை, கன்னம் எல்லாம் பரு. தொட்டாலே வலிக்கிற, சீழ் கட்டின பரு!

காலையில பேர் பதியப் பெரட்டுக்குப் போனா கூட வேலை செய்றவங்க பேச்சு வேற. "என்னடி, முகத்துலயே தேயிலை நாத்து நட்டு வச்சிருக்க?"

"மிட்வைஃப் மிஸ்ஸிகிட்ட போவோமா?"ன்னு கேட்டேன்.

"போனா அத்தை ஏன்னு கேப்பாங்க. நான் இயற்கையாவே பார்த்துக்கிறேன்டி."

போன்ல வீடியோ பார்த்துப் பார்த்துப் பூசினா. கற்றாழை, மஞ்சள், கடலை மாவு. (கிட்டப் போனா ரசம் வாசம்!) கடைசியா தேசிக்காய்ச் சாறு, எலுமிச்சைதான்.

"எரியுமே அக்கா?"

"இயற்கைதானே, என்ன செஞ்சிடப் போகுது?"

போன ஞாயித்துக்கிழமை காலையில சாறப் பூசிட்டு, கழுவாமலே கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிட்டா. (ஞாயிறு எடுக்கிற கொழுந்துக்குக் கையில காசு, அதான் கைக்காசு.) அன்னைக்குன்னு பார்த்து நல்ல வெயில்.

ரெண்டாம் நாள் கன்னமெல்லாம் கொப்புளம்.

அத்தை பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. "ஆத்தா வந்துட்டா!"

வாசல்ல வேப்பிலை கட்டினாங்க. தாளிப்பு இல்ல, மருந்து இல்ல. ஆத்தா வந்திருக்கும்போது ஆஸ்பத்திரி வாசல மிதிக்கக் கூடாதாம். வெந்த கன்னத்து மேல வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு அப்பிவிட்டாங்க. அக்கா பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தா.

நான் போனப்போ வாசல்லயே நிறுத்தினாங்க. "குளிச்சிட்டு வந்தியா?"

"குளிச்சிட்டேன் அத்தை."

உள்ள அக்கா என் கையப் பிடிச்சிக்கிட்டா. கை கொதிச்சது. "வாயத் திறந்துடாத. எனக்காக மண்சோறு சாப்பிட்டாங்கடி."

நானும் திறக்கல.

மறுநாள் அவளுக்கு ஒரு கண்ணு வீங்கி மூடிக்கிச்சு. அத்தான் யாரையும் கேக்காம த்ரீவீலரக் கொண்டு வந்து நிறுத்தினார்.

"ஆத்தா கோவிச்சா என் மேல கோவிக்கட்டும்மா. நீ தள்ளு."

அத்தையும் வேப்பிலைக் கொத்தோட ஏறினாங்க. நான் மொழிபெயர்க்க.

பதுளை ஆஸ்பத்திரியில டாக்டர் சிங்களத்துலதான் பேசினாங்க. (சிங்களப் பாடத்துல நான் எடுத்த மார்க்குக்கு இப்படியா வேலை வரணும்!)

"ஏதாவது மாத்திரை எடுத்தாங்களா? சமீபத்துல நிறுத்தினாங்களா?"

நான் அக்காவப் பார்த்தேன். திறந்திருந்த ஒத்தக் கண்ணால என்னைப் பார்த்துத் தலைய ஆட்டினா.

சொன்னேன். எல்லாத்தையும் சிங்களத்துலயே சொன்னேன். கர்ப்பத்தடை மாத்திரை, நிறுத்தினது, பரு, தேசிக்காய். அத்தைக்குப் புரியாதுன்னு தைரியம்.

அத்தை வாராவாரம் பசறை சந்தையில கோவா, கறிமிளகாய்னு மரக்கறி விக்கிறவங்க. சிங்களத்துலதான் விலை பேசுவாங்க! எங்க ரெண்டு பேருக்கும் அது ஞாபகமே வரல.

அவங்க மடியில இருந்த வேப்பிலைக் கொத்து கீழ விழுந்துச்சு. எடுக்கல.

டாக்டர் திட்டாம விளக்கினாங்க. அந்த மாத்திரை எடுக்கும்போது முகத்துல எண்ணெய் குறையும், நிறுத்தினா சிலருக்குக் கொஞ்ச மாசம் பரு கிளம்பும். தேசிக்காய்ச் சாறு பட்ட தோல்ல வெயில் பட்டா வெந்துடும். வெந்த இடத்துல அரைச்சுப் பூசினதுல கிருமி. பிள்ளைக்கு முயற்சி பண்றதால பருவுக்கு எல்லா மருந்தும் குடுக்க முடியாதாம். தழும்பு மறைய மாசக்கணக்காகும், கொஞ்சம் மறையாமலே போகலாம்னும் சொன்னாங்க.

இத நான் தமிழ்ல சொல்ல வேண்டிய தேவையே இருக்கல.

திரும்பி வரும்போது அத்தை ஒண்ணுதான் கேட்டாங்க. "நான் மண்சோறு திங்கும்போது பக்கத்துலதானே நின்ன?"

அக்காவால நல்லா அழக்கூட முடியல. கண்ணீர் பட்டா கன்னம் எரியுது.

வீட்டுக்கு வந்ததும் வாசல் வேப்பிலைய நான் அவுக்கப் போனேன்.

அத்தை தடுத்தாங்க. "விடு. லயத்துக்கு அம்மையாவே இருக்கட்டும். உண்மை தெரிஞ்சா அவளோட சேர்த்து என்னையும் பார்த்துத்தான் சிரிப்பாங்க."

அதான் இன்னைக்குத் தண்ணி. பேருக்குத்தான் தலைக்குத் தண்ணி; அத்தை முகத்துல படாம, கழுத்துக்குக் கீழதான் ஊத்தினாங்க. ஆனா த்ரீவீலர்ல கேட்ட அந்த ஒரு கேள்விக்கப்புறம் அக்காவோட ஒரு வார்த்தை பேசல.

வந்தவங்களுக்குள்ள பக்கத்து லயத்துப் புது மருமகளும் நின்னாங்க. அவங்க தாடையெல்லாம் பரு.

அக்காகிட்ட மெதுவா கேட்டாங்க. "அக்கா, நீங்க முன்ன தேசிக்காய் போட்டீங்கல்ல? கேட்டுச்சா? நானும் போடலாம்னு இருக்கேன்."

அத்தை செம்போட பக்கத்துலயே நிக்கிறாங்க.

அக்கா சொன்னா: "எனக்கு அம்மைதான் வந்துச்சு. தேசிக்காய் பத்தி எனக்கொண்ணும் தெரியாது தங்கச்சி."

எல்லாரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டா. "என்னால சொல்ல முடியல. நீ எழுது. அந்தப் பொண்ணு போன் பார்ப்பா."

எழுதிட்டேன்.

தேசிக்காய் பத்திக் கேட்டவங்களே, இது உங்களுக்குத்தான். நீங்க எந்த மாத்திரைய நிறுத்தினீங்கன்னு நான் கேக்கவே மாட்டேன். மிஸ்ஸிகிட்ட போகத் துணைக்கு ஆள் வேணும்னா நான் வர்றேன்.

ஆனா நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கைக்காசு. வானத்துல ஒரு மேகம் இல்ல.

தேசிக்காய வெட்டிட்டீங்களா?