பிலோமினா திருடாத சேலை

புசல்லாவையிலிருந்து கண்டிக்கு வரும் காலை பஸ்ஸில் இருந்தேன். கம்பளை தாண்டியதும் போன் அடித்தது. பிலோமினாவின் மகள் ஜெசிந்தா. "அன்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். அழுகை வரும் என்று பார்த்தேன். வந்தது வேறு. எங்கள் கடை முதலாளி மலர்வளையத்தோடு செத்த வீட்டுக்கு வருவார், நாலு நல்ல வார்த்தை சொல்லுவார் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் ஊரான அம்பிட்டியவில், கோயிலில் அவளோடு பாடியவர்களுக்கு அவளுடைய குரல் தெரியும். கோபம் தெரிந்தவர்கள் குறைவு. கண்டியில் ஒரு துணிக்கடையில் பதினெட்டு வருடம் இருவரும் ஒரே மேசைக்குப் பின்னால் நின்றோம். கல்யாணச் சேலை எடுக்க வருகிறவர்கள் அவளைத்தான் தேடுவார்கள். "சனம் துணியப் பார்த்து வாங்கல புள்ள, நம்ம வாயப் பார்த்துத்தான் வாங்குது" என்பாள். முதலாளி கைத்தறி என்று சொன்னதை நம்பி, அவளும் கைத்தறி என்று சொல்லி விற்றாள். நானும்தான்.

ஜெசிந்தாவுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தால் வேளாங்கண்ணி மாதாவுக்குக் கைத்தறிச் சேலை சாத்துவதாக பிலோமினா நேர்த்தி வைத்திருந்தாள். கிடைத்துவிட்டது. எங்கள் கடையிலேயே நல்லதாக ஒன்று எடுத்துக்கொண்டாள். நான் சைவம் என்றாலும் அவள் தனியே போவதா என்று கூடவே கிளம்பினேன். பிளேனில் திருச்சி போய் இறங்கியபோது வேளாங்கண்ணி பஸ்ஸுக்கு அரை நாள் இருந்தது. உறையூரில் தேத்தண்ணி குடிக்கக் கடை தேடி ஒரு சந்துக்குள் போனோம். ஒரு வீட்டுக்குள் தறிச் சத்தம் கேட்டது. பிலோமினா கேட்காமலே உள்ளே நுழைந்துவிட்டாள். பதினெட்டு வருடம் கைத்தறி விற்றவர்கள் அன்றைக்குத்தான் தறியைக் கண்ணால் கண்டோம்.

குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து ஒருவர் நெய்துகொண்டிருந்தார். துணி சுருங்காமல் இருக்கக் குறுக்கே ஒரு கோல் கொடுத்து, அதன் இரு முனையிலும் இருந்த ஊசிகளைக் கரைகளில் குத்தியிருந்தார். கொஞ்சம் நெய்ததும் பிடுங்கி, முன்னே நகர்த்தி, மறுபடி குத்தினார். அதனால் இரு கரையிலும் நெடுகச் சின்னச் சின்னத் துளைகள். பிலோமினா பெருமையாகப் பையிலிருந்த மாதாவின் சேலையை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் கரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஊசித் துளையே இல்ல. இது மெஷின்ல ஓட்டுனதும்மா" என்றார்.

அவள் முகம் கறுத்துப்போனது. "மனுசங்களுக்குப் பொய் சொல்ல வச்சது பத்தாதுன்னு, மாதாவுக்கே பொய் சொல்ல வச்சிருப்பானே அந்த ஆளு. விட மாட்டேன்" என்றாள். அங்கேயே இரண்டு சேலை வாங்கினாள். ஒன்று மாதாவுக்கு. மற்றது நீலக் கரை போட்ட வெள்ளை, தனக்கு. வீட்டில் வாங்கியதால் பில் இல்லை.

திரும்பி வந்ததும் அந்த வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். கைத்தறி கேட்டவர்களிடம், "இது மெஷின் சாரிங்க. நல்லாத்தான் இருக்கு, ஆனா கைத்தறி இல்ல" என்றாள். மாலையில் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். "நீ கட்டியிருக்கிறதே நம்ம கடைச் சாரி. பில் எங்க?" என்று கேட்டார். திருடி என்றும் சொன்னார். பிலோமினா என்னைப் பார்த்தாள். அவள் வாங்கும்போது பக்கத்தில் நின்றவள் நான். என் வேலையும் போய்விடும் என்ற பயத்தில் குனிந்து துணி மடித்தேன். அவள் வெளியே நடந்தாள். அதன்பிறகு கண்டியில் எந்தத் துணிக்கடையும் அவளை எடுக்கவில்லை. என்னோடு மட்டும் எப்போதும் போலப் பேசினாள். அதைவிட என்னை அறைந்திருக்கலாம்.

கடைசியாக பிலோமினா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, எல்லோரையும் மன்னித்துவிடச் சொல்லி ஃபாதர் சொன்னார். "முதலாளி கேட்டா குடுக்குறேன் ஃபாதர். இன்னும் கேக்கலியே" என்றாள். ஃபாதர் போனதும் ஜெசிந்தாவிடம் அந்த வெள்ளைச் சேலையை வாங்கி என் மடியில் வைத்தாள். "இதுல என்னைய அடக்கம் பண்ணிராதீங்க. சாட்சி மண்ணுக்குள்ள போயிரும். நீ கட்டு" என்றாள்.

அதைக் கட்டிக்கொண்டுதான் செத்த வீட்டுக்குப் போனேன். நினைத்தபடியே முதலாளி மலர்வளையத்தோடு வந்தார். கதிரையில் உட்கார்ந்து, "நேர்மையான பிள்ளை" என்று ஆரம்பித்தார். நான் பக்கத்தில் போய் முந்தானையை நீட்டினேன். "முதலாளி, இது நம்ம கடையில இருந்த சாரிதானே?" என்றேன். வியாபாரிக்குக் கை சும்மா இருக்குமா? தடவிப் பார்த்தார். கரையைத் திருப்பிப் பார்த்தார். "இல்லியே. இது அசல் கைத்தறி. இந்த மாதிரி நம்மகிட்ட வந்ததே இல்ல" என்றார்.

"பிலோமினா திருடிட்டான்னு நீங்க சொன்ன சாரி இது" என்றேன், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவர் எழுந்தார். ஜெசிந்தா மலர்வளையத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இதையும் கொண்டு போங்க" என்றாள். அவர் அதைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறியதை அம்பிட்டிய ஊரே பார்த்தது. எனக்கு அது இனித்தது. ஏன் மறைக்க வேண்டும்?

மறுநாளிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை. அவர் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிலோமினா கொடுத்திருப்பாள். நான் கொடுக்க மாட்டேன். அவளுடைய நல்ல குணம் எதையும் நான் வைத்திருப்பதாகச் சொல்ல முடியாது. வைத்திருப்பது இந்தச் சேலையும், அவள் முடிக்காமல் விட்டுப்போன கோபமும்தான். இரண்டு சனிக்கிழமை அந்தக் கடைக்கு இதைக் கட்டிக்கொண்டு போய்விட்டேன். சனம் நிறைந்த நேரமாகப் பார்த்து, மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கைத்தறி காட்டச் சொல்கிறேன். கரையை விரித்துப் பிடித்து, "ஊசித் துளை எங்க?" என்று சத்தமாகக் கேட்கிறேன். மேசைக்குப் பின்னால் நிற்கும் பெண்கள் குனிந்து துணி மடிக்கிறார்கள். அவர்களை நான் ஒன்றும் சொல்வதில்லை. அன்றைக்கு நானும் அப்படித்தான் குனிந்தேன்.