கடப்படியில் வைத்த கதிரை

எங்கள் மூத்த அண்ணா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலருக்கு யாராவது படித்தவர்கள் எழுதினால் நல்லது என்று அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன். "உங்கட அண்ணாவ உங்கள விட ஆருக்குகா தெரியும்? நீங்களே எழுதுங்க மச்சாள்" என்று சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எதை விட்டுவிட்டேனோ, யார் மனம் நோவார்களோ என்ற யோசனையோடுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணா களுவாஞ்சிக்குடியில் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்கு மீசை கூட அரும்பவில்லை. அம்மாவையும் எங்களையும் பார்க்க வேண்டும் என்று வெல்லாவெளிப் பக்கம் பெரிய வயற்காரரான ஒரு போடியாரின் உழவு மெசினில் சாரதியாக ஏறினார். அறுவடைக் காலத்தில் இரவு பகல் என்று பாராமல் ஓட்டுவார். அப்படி ஓட்டிய ஒரு விடியற்காலையில், மெசினுக்குப் பின்னால் இழுத்துவந்த பெட்டி நெல் மூட்டைகளோடு வாய்க்காலுக்குள் சரிந்துவிட்டது. கண் ஒரு சொட்டு மூடியதுதான் காரணம். மூட்டைகளுக்கு மேல் குந்தி வந்த மனிதர், வெற்றிலை வாங்கவென்று சற்று முன்னர்தான் இறங்கியிருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்த அண்ணா சோற்றைப் பிசைந்தபடியே வெகுநேரம் இருந்தார். பிறகு, "இனி நித்திரை முழிச்சு ஒண்டையும் ஓட்ட மாட்டன் அம்மா" என்றார். சொன்ன சொல்லை உயிர் போகும்வரை காத்தார்.

பிற்காலத்தில் சொந்தமாக வேன் வாங்கி கொழும்புக்கு ஓட்டம் ஓடினார். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் அநேகர் அந்த வேனில் போயிருப்பீர்கள். வெளிநாடு போகும் பிள்ளைகளை விமானநிலையத்துக்கும், நோயாளிகளைப் பெரியாஸ்பத்திரிக்கும் அவர்தான் கொண்டுபோவார். இரவு ஓட்டம் உள்ள நாளில் மத்தியானச் சோறு உண்டதும் ஜன்னலில் சாரனைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டு படுத்துவிடுவார். அண்ணி ஒரு கதிரையைக் கொண்டுபோய் வளவு வாசலில், கடப்படியில் குறுக்காக வைத்து, அதில் குந்தி, மடியில் சுளகோடு காவல் இருப்பார். அரிசி புடைத்தபடியே வருகிறவர்களைக் கையசைத்துத் திருப்பி அனுப்புவார். நாளடைவில் அண்ணி இருக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. வெறும் கதிரை போதும், ஊர் விளங்கிக்கொள்ளும். மோட்டார்சைக்கிளில் பெட்டி கட்டி வரும் மீன்காரத் தம்பி, முன்வீட்டுப் படலை வரைக்கும் ஹோன் அடித்துக்கொண்டு வருவார். கதிரையைக் கண்டதும் நிறுத்திவிட்டு, எங்கள் வளவு தாண்டியபிறகுதான் மறுபடி தொடங்குவார்.

இதை வைத்து அண்ணாவைப் பகிடி பண்ணாத ஆள் இல்லை. ஒரு கலியாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் எழும்பிவிட்டார். மணமகளின் தகப்பனான மாமா மறித்தார்.

"எங்க போறாய்? இன்னும் பந்தியே வைக்கல்ல."

"பின்னேரம் ஓட்டம் இருக்கு மாமா. போய்ப் படுக்கணும்."

"உனக்குச் சொந்தத்த விடப் படுக்கை பெரிசு, என்ன?"

"மாப்பிள்ளையப் பாத்திட்டன் மாமா, நல்ல பிள்ளை. இனி நான் முழிச்சிருந்து என்ன, படுத்திருந்து என்ன?"

மாமா பல நாட்கள் முகம் கொடுக்கவில்லை. அதே மாமாதான் பேரப்பிள்ளையை விமானநிலையத்தில் இருந்து கூட்டிவரப் புறப்பட்டபோது, "அந்த நித்திரைச் சாமியின்ட வேன் இல்லாட்டி நான் ஏற மாட்டன்" என்றார்.

எனக்கோ சின்ன வயதிலிருந்தே நித்திரை ஒழுங்காய் வராது. அண்ணா ஓட்டம் போனால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் எடுக்கும்வரை கண் மூடமாட்டேன். ஒருநாள் சொன்னார்: "இனி போன் விடிஞ்சபிறகுதான் எடுப்பன். நீ படு புள்ள. வேன் டீசல்லதான் ஓடுது, உன்ட யோசினையில இல்ல." முதலில் கோபம் வந்தது. பிறகு மெல்ல மெல்ல நானும் படுக்கப் பழகினேன்.

என் கணவரின் நெஞ்சு ஒப்பரேசனுக்குக் கொழும்பு போன பயணத்தை நான் மறக்கமாட்டேன். அன்று மத்தியானம் பக்கத்து வளவுப் பிள்ளைக்குப் பாம்பு கடித்து, அண்ணா படுக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வந்தது. திரும்பி வந்தவர், "போவம். ஆனா கண் கேட்டா நிப்பாட்டுவன், இப்பவே சொல்லிட்டன்" என்றார். தம்புள்ளையும் தாண்டி, பொழுது வெளுக்கும் நேரம், பூட்டியிருந்த ஒரு தேத்தண்ணிக்கடைக்கு முன்னால் வேனை ஓரங்கட்டினார். எனக்கு நெஞ்சு பதறியது. காலையில் வந்து பதியச் சொல்லியிருந்தார்கள். அந்த நாளுக்காக எத்தனையோ மாதம் காத்திருந்தோம்.

"அண்ணா, நேரம் போகுது. விட்டா மறுகா எப்ப நாள் தருவாங்களோ தெரியா. கோப்பி வாங்கித் தாறன், குடிச்சிட்டு ஓட்டுங்க."

"கோப்பி முழிக்கத்தான் வைக்கும் புள்ள. நித்திரையைத் தராது. பிந்திப் போனா ஏச்சு வாங்குவம். போகாமலே விட்டா?"

சொல்லிக்கொண்டே சீற்றைச் சாய்த்துக் கண்ணை மூடினார். நான் வீதியில் அங்கும் இங்கும் நடந்தேன், அழுதேன். பின் சீற்றில் இருந்த என் கணவர் தலையை வெளியே நீட்டி, "மச்சான் படுக்கட்டும். வருத்தம் என்ட நெஞ்சில. உன்ட நெஞ்சு ஏன்கா இந்த அடி அடிக்குது?" என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

கடையைத் திறக்க வந்த சிங்கள ஐயா என்னைப் பார்த்தார், வேனுக்குள் பார்த்தார். உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து தந்தார். அதை அண்ணாவின் கதவடியில் போட்டு, அதில் குந்தினேன். சாமான் இறக்க வந்த லொறிக்காரர் ஹோன் அடிக்கக் கையை வைத்தபோது, அண்ணி செய்வதைப் போலவே நானும் கையசைத்தேன். அவர் லொறியைத் தள்ளி நிறுத்தினார். என் பதற்றம் அடங்கியது அந்தக் கதிரையில்தான்.

அண்ணா தானாகவே எழும்பி, முகம் கழுவி, தெளிந்த கண்ணோடு வேனை எடுத்தார். பிந்தித்தான் போனோம், ஏச்சும் வாங்கினோம். ஆனாலும் பதிந்துவிட்டார்கள். இன்றைக்கு இந்தத் திவசத்துக்குப் பந்தல் போட்டு, வாழைக்குலை தூக்கி, எல்லாரையும் அதட்டிக்கொண்டு திரிபவர் என் கணவர்தான். அண்ணா எனக்குத் தந்த மனிதர் அவர்.

கடைசிக் காலத்தில் சிறுநீரக நோய் அண்ணாவைப் படுக்கையில் போட்டது. ஆசையாய்க் காத்த நித்திரை அவரை விட்டுப் போய்விட்டது. அப்போதும் எங்கள் நித்திரையைப் பற்றித்தான் கேட்பார். அண்ணியும் நானும் ஒன்றாய் விழித்திருக்க விடமாட்டார். "ரெண்டு றைவரும் ஒண்டா முழிச்சா மறுகா வேன ஆரு ஓட்டுற? ஒராள் படுங்க." அதனால்தான் அத்தனை மாதமும் எங்களால் அவரைப் பராமரிக்க முடிந்தது என்று இப்போது விளங்குகிறது.

அவர் போன அன்று மத்தியானம் நான் கஞ்சி கொண்டு போனேன். கடப்படியில் கதிரை இருந்தது. அண்ணி வாயில் விரலை வைத்து, "இப்பதான் மச்சாள் கண்ணயர்ந்தார். எத்தின நாளைக்குப் பிறகு" என்றார். அந்த நிம்மதியில் நாங்கள் இருவரும் கஞ்சியை மூடி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இருந்தோம். மீன்காரத் தம்பி ஹோன் அடிக்காமல் கடந்து போனார். எழுப்ப மனமில்லாமல் வெயில் சாயும்வரை இருந்துவிட்டோம். அண்ணா எழும்பவில்லை.

அடக்கத்தன்று பறைமேளம் கடப்படியில் முழங்கியது. அவருக்காக ஊர் இத்தனை காலமும் அடக்கி வைத்த சத்தமெல்லாம் சேர்ந்து வந்ததைப் போல் இருந்தது எனக்கு.

அண்ணாவுக்கு இரத்தம் சுத்திகரித்த தாதிமார், கட்டணம் வாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய சாரதித் தோழர்கள், எங்களைப் படுக்க வைத்துவிட்டு அண்ணாவின் பக்கத்தில் முறை வைத்து இருந்த அயலவர்கள், பந்தியில் கோபித்தாலும் பாடைக்குத் தோள் கொடுத்த மாமா, எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் பெயராய் எழுதவில்லை, யாரையாவது விட்டுவிடுவேன் என்ற பயம்தான். தம்புள்ளைக்கு அப்பால் கதிரை தந்த ஐயாவுக்கு இந்த மலர் போய்ச் சேராது. அவர் நன்றாக இருக்கட்டும்.

அண்ணாவின் மகன் இப்போது வேனை ஓட்டுகிறான். அவனது முதல் கொழும்பு ஓட்டத்தன்று மத்தியானம் போனேன். அண்ணி அடுப்படியில் இருந்தார். மருமகன் வேனைக் கழுவிக்கொண்டு நின்றான்.

"மாமி, நான் இளந்தாரிதானே. ஒருநாள் படுக்காட்டி என்ன?"

"உங்கப்பாவும் இளந்தாரியாத்தான் வாய்க்காலுக்குள்ள விட்டவர். போய்ப் படு மகன்."

படுத்தான். ஜன்னலில் அண்ணாவின் சாரனைக் கட்டினேன். கதிரையைத் தூசு தட்டி, கடப்படியில் குறுக்காக வைத்து, அதில் குந்தினேன். தூரத்தில் மீன்காரத் தம்பியின் ஹோன் கேட்டது. ஒரு வருடமாய் அந்த இடத்தில் கதிரை இல்லை, இனி அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். கையைத் தூக்கத் தயாரானேன்.

முன்வீட்டுப் படலையோடு சத்தம் நின்றது. எங்கள் வளவைத் தாண்டும்வரை இஞ்சினையும் நிறுத்தி, மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார்.