பாட்டு இல்லாத இடம்

பாட்டுக் கேட்டாளாம்! வாசல் கொட்டகையில், வாட்ச்மேன் சோலைச்சாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டு, நாள் தவறாமல் அய்யம்மாள் பாட்டுக் கேட்டாளாம். தெருக்குழாயில் குடம் நிறைவதற்குள் நாலு பேர் இதைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். சரி, சொல்லட்டும். அந்த ரேடியோவில் என்ன பாட்டு ஓடியது என்று அந்த நாலு பேரில் ஒருத்தியைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாது. அதில் பாட்டே ஓடவில்லை. பாட்டும் பேச்சும் இல்லாத, ஒருத்தரும் குடியேறாத ஓர் இடத்தைத் தேடித்தான் அவள் ஒன்றரை மாதம் அந்த முள்ளைத் திருகிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் சொல்கிறார்கள். மருமகள் பானுப்பிரியா இருந்தவரைக்கும் குழம்பில் உப்பு கூட, புளி கம்மி என்று சண்டை போட்டவளுக்கு, அவள் போன பிறகு எதற்கு இத்தனை வீம்பு என்று. சண்டை போட்டாள்தான். ஒரே அடுப்பில் இரண்டு பெண்கள் சமைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? ஆனால் வேலைக்குக் கிளம்பும்போது இரண்டு தூக்குவாளியையும் ஒரே பையில் போட்டுத்தான் கொண்டு போனார்கள். பஸ்ஸில் ஒரு சீட்டுக் கிடைத்தால் மருமகள் மாமியாரை உட்காரவைத்துவிட்டு நிற்பாள். தெருவுக்குச் சண்டை கேட்டது. பஸ்ஸில் நடந்தது தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முந்திய சித்திரை அது. நாரணாபுரம் விலக்கில் இறங்கி, கரிசல் காட்டுக்குள் நடந்தால் பட்டாசுக் கம்பெனி. அய்யம்மாளுக்கு ஒன்பதாம் அறையில் திரி வெட்டுகிற வேலை. பானுப்பிரியா தள்ளி இருக்கிற மருந்து அறையில். மத்தியானம் மூன்று மணி இருக்கும். வானம் வெளுத்துக் கிடந்தது. மேற்கே எங்கேயோ குடம் உருளுகிற மாதிரி ஒரு சத்தம். மருந்து அறையிலிருந்து பானுப்பிரியா எட்டிப் பார்த்து, போர்மேன் சங்கிலிமுத்துவைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, இடி மாதிரி கேக்குதே. வெளிய வந்து நிக்கட்டுமா?"

"இடியும் இல்ல, கொடியும் இல்ல. குவாரில வெடி போடுறாக. ஆர்டர் கெடக்கு, வேலையப் பாரு."

இதை அய்யம்மாள் தன் காதால் கேட்டாள். கால் மணி நேரத்தில் மின்னல் அந்த அறை மேல் விழுந்தது. பானுப்பிரியாவோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள். அதில் ஒருத்தி, அய்யம்மாள் தெருவிலேயே குடியிருக்கும் மூக்கம்மாளின் கூடப்பிறந்த தங்கை.

விசாரணைக்கு வந்தவர்களிடம் சங்கிலிமுத்து ஒரே பேச்சாகச் சொன்னான். வானம் சுத்தமாக இருந்தது, இடி இல்லை, மின்னல் இல்லை, பானுப்பிரியா மருந்து வாளியைத் தூக்காமல் தரையோடு இழுத்தாள், உரசித் தீப் பிடித்தது. இழுத்தாளா தூக்கினாளா என்று சொல்ல அந்த அறையில் ஒரு உயிர் மிச்சமில்லை. மற்ற அறைப் பெண்களைக் கேட்டால், சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் மறுநாள் வேலை வேண்டுமே. அய்யம்மாள் ஒருத்திதான் உள்ளதைச் சொன்னாள். "மருமகளைக் காப்பாத்த மாமியா பொய் சொல்லுதா" என்று அதையும் முடித்துவிட்டார்கள். மூக்கம்மாள் அய்யம்மாள் வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "ஒன் வீட்டுச் சிறுக்கி சோம்பேறித்தனத்துக்கு என் தங்கச்சிய எரிச்சுட்டாளே!" திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் செழியன் கூட ஒரு நாள் போனில் கேட்டான்: "அம்மா, அவ நெசமா இழுத்தாளோ?"

அன்றைக்குத்தான் அய்யம்மாள் அடுப்பங்கரையில் நின்று முடிவு கட்டினாள். மின்னல் விழுந்ததென்று சங்கிலிமுத்து வாயாலேயே, பத்துப் பேருக்கு முன்னால் வரவழைக்க வேண்டும். அதுவரை அந்தக் கம்பெனியை விட்டு நகரக்கூடாது.

வழி இந்த வருஷம்தான், அதுவும் தற்செயலாகத்தான் கிடைத்தது. மிக்சி ரிப்பேர் என்று ஒச்சப்பன் கடைக்குப் போனாள். ரேடியோ, மிக்சி, பேன் எல்லாம் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதர். மேஜை மேலிருந்த பழைய ரேடியோ திடீரென்று கரகரத்தது. ஒச்சப்பன் எழுந்துபோய் டி.வி. ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

"எதுக்குண்ணே?"

"மின்னலு வருதுல்ல."

அய்யம்மாள் வெளியே போய் அண்ணாந்து பார்த்தாள். வெயில் பொளந்துகொண்டிருந்தது. "எங்கன வருது?"

"இன்னும் வரல தாயி. மல பக்கம் வெட்டுது. மீடியம் வேவுக்கு அது முன்னாடியே கேட்டுரும். எப்.எம்.முக்குக் கேக்காது."

அரை மணி நேரத்தில் பஜார் முழுக்கத் தண்ணீர் ஓடியது. அய்யம்மாள் மிக்சியை மறந்துவிட்டு அந்த ரேடியோவைக் கேட்டாள். ஒச்சப்பன் சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

"ஸ்டேஷன் இல்லாத எடமாப் பாத்து முள்ள வையி. பாட்டு ஓடுற எடத்துல வச்சா, பாட்டு அத முழுங்கிரும்."

ஸ்டேஷன் இல்லாத இடம்! தீபாவளிக்கு முதல் நாள் பஸ்ஸில் சீட்டுத் தேடுகிற கதைதான். திருகினால் திருநெல்வேலி, இன்னும் திருகினால் மதுரை, அதற்குப் பக்கத்தில் தூத்துக்குடி, அதை ஒட்டி ஒரு மலையாளத்தான், கடலுக்கு அந்தப் பக்கத்து இலங்கை. ஆள் இல்லாத சந்தில் காதை வைத்தால் அங்கே ஊர்ச் சத்தம். தெருவுக்கு மூன்று அச்சாபீஸ், வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர், கைக்கு ஒரு சார்ஜர். எல்லாம் ரேடியோவுக்குள் வந்து உறுமின. அவளுக்கு எண் படிக்கத் தெரியாது. விரலால்தான் அளந்தாள்: இந்த ஓரத்திலிருந்து ஒரு விரல் கடை, அரை விரல் கடை.

ஒரு நாள் கிடைத்தேவிட்டது. வெறும் காற்றுச் சத்தம், கிணற்றுக்குள் காதை வைத்த மாதிரி. சந்தோஷம் தாங்காமல் கண்ணாடியில் பானுப்பிரியா ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை எடுத்து, முள் நின்ற இடத்தில் ஒட்டினாள். மறுநாள் காலையில் திறந்தால் பொட்டுக்குள் ஒரு மில்லே ஓடுகிறது. தூக்கிக்கொண்டு ஒச்சப்பனிடம் ஓடினாள்.

"என்னைக்கு எடுத்த தாயி?"

"நேத்து."

"நேத்து ஞாயித்துக்கெழம. அச்சாபீசு பூராம் லீவு. ஊரு அடங்குனப்போ எடுத்த எடம், ஊரு முழிச்சா நிக்குமா? எங்கன கேக்கணுமோ அங்கன, என்னைக்கு வேணுமோ அன்னைக்கு, அந்த நேரத்துல போயித் தேடு."

கேட்க வேண்டிய இடம் கம்பெனி. உள்ளே செல்போன் கூடக் கொண்டுபோக முடியாது. எதில் பொறி பறக்கும் என்று யாருக்குத் தெரியும்? வாசலுக்கு வெளியே இருக்கிற கொட்டகையில்தான் எதுவும் வைத்துக்கொள்ளலாம். பெண்களைச் சோதித்து உள்ளே விட, அங்கே ஒரு பெண்ணை நிறுத்துவார்கள். உட்கார்ந்தே இருக்கும் வேலை, கூலி குறைவு, ஒருத்தியும் வரமாட்டாள். அய்யம்மாள் போய்க் கேட்டு வாங்கினாள். அப்படித்தான் வாட்ச்மேன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வேறு கதை எதுவும் இல்லை.

சோலைச்சாமிக்குத்தான் கஷ்டகாலம். "ஏ தங்கச்சி, ஒன்னுது ஒண்ணு, என்னுது ஒண்ணு, ரெண்டு ரேடியோ இருக்குது, ஒண்ணுலயாவது பாட்டு வைக்க விட மாட்டேங்க. பொணம் காக்குற மாதிரி இருக்கு."

"பொணம் விழாமக் காக்குறேன். சும்மா இருண்ணே."

பகல் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை தேடினாள். மலையாளத்தானுக்கும் இன்னொரு ஸ்டேஷனுக்கும் நடுவில், நூல் கனத்துக்கு ஓர் இடம் சும்மா கிடந்தது. அங்கே பொட்டை ஒட்டினாள். அதிலிருந்து இடப் பக்கம் ஒரு நூல் தள்ளினால், ஆபீஸ் வராந்தாவில் பகலிலும் அணையாமல் துடித்துக்கொண்டிருக்கிற பழைய டியூப்லைட் வந்து விழும். கர்ர்... படக்... கர்ர்ர். அசல் மின்னல் மாதிரியே இருக்கும். அதை மின்னல் என்று நம்பி மூன்று நாள் அவளே ஏமாந்தாள். அதற்குப் பிறகு பொட்டை விட்டு விலகவில்லை. பொட்டில் கரகரத்தால் அது மின்னல்தான். தூரத்தில் ஊசிவெடி சிதறுகிற மாதிரி தொடங்கும். அரை மணியில் மேற்கே கறுக்கும்.

முதல் தடவை ஓடிப்போய்ச் சங்கிலிமுத்துவிடம் சொன்னாள்.

"ரேடியோ பொட்டி சொல்லுதுன்னு சீசன் நேரத்துல வேலைய நிப்பாட்டவா? போயி ஒன் சோலிய பாரு."

அவள் தன் வேலையைத்தான் பார்த்தாள். "திடீர் சோதனை! யாரோ போனு கொண்டு வந்துருக்காளாம், அம்புட்டுப் பேரும் வெளிய வாங்க!" சோதனை என்பது முதலாளி போட்ட சட்டம், போர்மேன் மறுக்க முடியாது. எல்லாரையும் வெளிக்கொட்டகைக்கு வரவைத்து, இடுப்பைத் தடவி, தலைமுடியைப் பிரித்து, மழை தாண்டிப் போகும்வரை இழுத்தடிப்பாள். எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்கிற பெண்கள் விடுவார்களா? "எங்களத் திருடிங்கிறியா?" என்று ஏசினார்கள். எல்லாரையும்விட மூக்கம்மாள்தான் அதிகம் ஏசினாள். வாட்ச்மேன் கதையைக் கிளப்பியதும் அவள்தான். ரேடியோவைப் பற்றி அய்யம்மாள் சொல்லத்தான் செய்தாள், சிரித்தார்கள். ஏச்சை வாங்கிக்கொண்டு சோதித்தாள்.

சிரிக்காதவன் ஒருவன் இருந்தான். ஐந்தாறு தடவை ரேடியோ சொன்னபடி மழை வந்ததும், சங்கிலிமுத்து மெல்ல மெல்லக் கொட்டகைப் பக்கம் வர ஆரம்பித்தான். "இன்னைக்கு என்ன சொல்லுது?" என்று விளையாட்டுப் போலக் கேட்பான். கரகரத்தால் "பேங்க் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று வண்டியை எடுப்பான். உள்ளே நூறு பெண்கள். ஒருத்தியிடமும் ஒரு வார்த்தை சொல்லமாட்டான். முதல் தடவை தற்செயல் என்று நினைத்தாள். மூன்றாம் தடவை அய்யம்மாள் சோலைச்சாமியைப் பார்த்தாள். சோலைச்சாமி அவளைப் பார்த்தார்.

"இவன் ஒன் ரேடியோவ நம்புதான் தங்கச்சி."

"நம்பட்டும்ணே. நல்லா நம்பட்டும்."

புரட்டாசியில் கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பு வைத்தார்கள். வருஷா வருஷம் நடப்பது. வேலையை நிறுத்தி, வாசலுக்கு உள்பக்கத்து மைதானத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, நாற்காலியில் முதலாளியும் வகுப்பெடுக்க வந்த ஆபீசரும். சங்கிலிமுத்து மைக்கைப் பிடித்தான்.

"கவனமா இருந்தா ஒரு விபத்தும் வராது. பானுப்பிரியான்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. வாளியத் தூக்கச் சோம்பேறித்தனப்பட்டு இழுத்துச்சு. மூணு உசிரு. அத மறந்துராதீக."

போன வருஷமும் இதே பேச்சுதான். மூக்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அய்யம்மாள் அழவில்லை. வானத்தைப் பார்த்தாள், அப்பளம் காயப்போடலாம், அப்படி வெயில். பொட்டில் காதை வைத்துப் பார்த்தாள்; துளிச் சத்தம் இல்லை. எல்லாம் சரி. சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். கட்டை விரலால் முள்ளை இடப் பக்கம் ஒரு நூல் தள்ளினாள்.

கர்ர்... படக்... கர்ர்ர்.

சங்கிலிமுத்துவின் பேச்சு பாதியில் நின்றது. அவன் கண் கொட்டகைக்குப் போனது. இன்னொரு படக். மைக்கை நாற்காலியில் வைத்தான். "ஒரு நிமிசம் மொதலாளி, பேங்குல ஒரு..." என்று முடிக்காமலே நடந்தான். நடை ஓட்டமானது. வாசலுக்கு வந்தால் கதவை மூடி, குறுக்கே கம்பை வைத்துக்கொண்டு அய்யம்மாள்.

"தொற!"

"சோதனை போடாம ஈ எறும்ப வெளிய விடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக அண்ணாச்சி?"

"ஏ, வெளையாடாத! காது கேக்கலயா? இடி விழப் போகுது!"

"இடியா? வானம் வெள்ளையால்ல கெடக்கு."

"வெள்ளையாத்தான்டி கெடக்கும்! அன்னைக்கும் வெள்ளையாத்தான் கெடந்துச்சு, விழலயா?"

சொன்ன பிறகுதான் அவனுக்குத் தன் குரல் எட்டியது. நூறு பெண்களும் திரும்பி அவனையே பார்த்தார்கள்.

"என்னைக்கு?" என்று கேட்டாள் அய்யம்மாள். "நூறு பேரு கேக்காகல்ல, சொல்லுங்க. என்னைக்கு விழுந்துச்சு? எது மேல விழுந்துச்சு?"

சங்கிலிமுத்து திரும்பி முதலாளியைப் பார்த்தான். முதலாளி தரையைப் பார்த்தார். ஆபீசர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். அய்யம்மாள் கொட்டகைக்குப் போய், முள்ளைப் பொட்டுக்குக் கொண்டுவந்தாள். ரேடியோ அடங்கியது.

"இடியும் வரல, ஒண்ணும் வரல. ஒங்க வராந்தா லைட்டு சாகக் கெடக்கு, அந்தச் சத்தம். நீங்க ஒங்க உசிரத் தூக்கிட்டு ஓடுவீகன்னு தெரியும். நூறு பேரையும் விட்டுட்டு ஓடுறத இவுக கண்ணால பாக்கணும்னுதான் காத்துக் கெடந்தேன். பாத்துட்டாக."

இதைத்தான் இப்போது ஏமாற்று வேலை என்கிறார்கள். மின்னல் வருகிறதென்று அவள் யாரிடமாவது சொன்னாளா? ஆபத்துக்கு அடிக்கிற கம்பியை அடித்தாளா? கூட்டத்தைக் கிளப்பினாளா? முள்ளை ஒரு நூல் தள்ளினாள், அவ்வளவுதான். ஓடியது அவன் கால். பேசியது அவன் வாய்.

அதற்கு மேல் அவளுக்கு அங்கே வேலை இல்லை. முதலாளி ஏதோ சமாதானம் சொல்ல எழுந்து வந்தார், நின்று கேட்கவில்லை. இடுப்பில் செருகி வைத்திருந்த பானுப்பிரியாவின் பொட்டு அட்டையிலிருந்து இன்னொரு பொட்டைக் கிள்ளி, சோலைச்சாமியின் ரேடியோவில் இடம் பார்த்து ஒட்டினாள். "மத்தியானம் மட்டும் இங்கன வையிண்ணே. மத்த நேரம் ஒன் பாட்டக் கேளு." தன் ரேடியோவையும் தூக்குவாளியையும் ஒரே பையில் போட்டாள். வாசலுக்கு வந்தவள் கதவைத் திறந்துவிட்டு நின்றாள்.

"ஏ மூக்கம்மா, எந்திரிச்சு வா. என்னையச் சோதி. சோதனை இல்லாமப் போனாள்னு நாளைக்குக் கொழாயடில ஒரு பேச்சு வரும்."

மூக்கம்மாள் எழுந்து வந்தாள். அய்யம்மாள் இரண்டு கையையும் விரித்து நின்றாள். மூக்கம்மாள் தோளைத் தொட்டாள், முதுகைத் தடவினாள், இடுப்பில் கை வைத்தபோது அந்தப் பொட்டு அட்டை தட்டுப்பட்டது. வெளியே எடுத்து, யாருடையது என்று தெரிந்து, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மதினி..." என்றாள்.

"மண்ண வாரித் தூத்துன வாசல் அங்கனதான் இருக்கு" என்றாள் அய்யம்மாள். "வந்து வெளக்கமாத்தால தூத்து வாரிட்டுப் போ."

அட்டையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நடந்தாள்.