இடக்கைக் கருக்கரிவாள்

இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது என்பார்கள். எனக்குச் சிரங்கு வந்ததில்லை, இரும்புதான் பிடித்தது. இலுப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை. பகல் முழுக்கப் பூசணிக்காயும் கூஜாவும் வரையச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டு, கொல்லையில் உலையை மூட்டினால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். ஊரில் பாதிப் பேர் என்னைக் கிறுக்கன் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். மீதிப் பேர் நேரிலேயே சொன்னார்கள்.

கொட்டகை என்றால் நாலு கம்பும் ஒரு தகரமும்தான். அடித்துத் தட்டப் பட்டறைக்கல்லாக ஒரு தண்டவாளத் துண்டு. காற்று ஊத ஒரு பழைய தோல் துருத்தி. அதை அமுக்க ஜவுளிக்கடை ராவுத்தர் வருவார். அவருக்கும் என் வயசுதான். கடையில் வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருக்கும் மனுஷர், என் கொட்டகைக்கு வந்தால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்மட்டியைத் தூக்கிவிடுவார். நாங்கள் இருவரும் செய்ததெல்லாம் ஜன்னலுக்கு இரும்புக் கொடி, விளக்கு மாட்ட மயில், யானைத் தலை வைத்த நாதாங்கி. "அந்த மயிலு முட்டை போடுமா? போட்டாலாவது பிள்ளைக்கு அவிச்சுக் குடுக்கலாம்" என்பாள் என் மனைவி.

சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். கறுத்துக் கிடக்கிற இரும்பு நெருப்புக்குள் போய்ச் சிவந்து, பிறகு மஞ்சளாகி, குறட்டில் பிடித்து வெளியே எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். கோயிலில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை. அடிக்கிற அடிக்கெல்லாம் வெண்ணெய் மாதிரி இடம் கொடுக்கும். பத்து எண்ணுவதற்குள் மறுபடியும் யாருக்கும் அடங்காத இரும்பாகிவிடும். அந்தப் பத்துக்குள் மனுஷன் தன் காரியத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் அக்கா, கொடும்பாளூருக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அத்தான் தவறிப்போன பிறகு, கண்மாய்க்குக் கீழே இருந்த முக்கால் ஏக்கர் வயல்தான் அவளுக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் சோறு. அந்த வருஷம் ஆவணியில் அவளுடைய வலது கட்டை விரலில் கருவமுள் ஏறியது. மஞ்சள் பற்றுப் போட்டாள், சுண்ணாம்பு வைத்தாள். மணிக்கட்டு வரை வீங்கிய பிறகுதான் எனக்குச் சொல்லி அனுப்பினாள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். கை பிழைக்க வேண்டுமானால் விரலை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். கட்டை விரல் இல்லாத கையில் அரிவாள் எப்படி நிற்கும்?

அந்த ஊரில் அறுப்புக்குக் கூலியாள் வைக்கிற வழக்கம் இல்லை. பதினோரு வீட்டுக்காரர்கள் சேர்ந்து, இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல் என்று முறை வைத்து அறுப்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். ஆள் அனுப்பாத வீட்டு வயலில் மற்றவர்கள் கால் வைக்க மாட்டார்கள். அது பகையில்லை, முறை. அக்காவின் பெண்களுக்கு ஏழு வயசும் ஐந்து வயசும். தையில் நெல் முற்றிய பிறகு நாள் கடத்தினால் மணியெல்லாம் உதிர்ந்து எலிக்கும் குருவிக்கும் போய்விடும். அந்த வீட்டின் ஒரு வருஷச் சோறு அதில் நின்றுகொண்டிருந்தது.

"நான் லீவு போட்டுட்டு வந்து அறுக்குறேன்க்கா" என்றேன்.

"நீயா? நீ தாளை அறுக்க மாட்ட, காலைத்தான் அறுப்ப. ஒன்னையும் தூக்கிக்கிட்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்" என்றாள். பிறகு இடது கையை விரித்து விரலை மடக்கிப் பார்த்தாள். "தம்பி, எனக்கு எடது கை இருக்குல்ல?"

பிறவியில் அவள் இடக்கைக்காரி. எங்கள் ஆத்தா அடித்து அடித்து வலக்கைக்கு மாற்றிவிட்டாள். இப்போது வீட்டில் இருந்த கருக்கரிவாளை இடது கையில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். வெட்டவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கருக்கரிவாளுக்குப் பல் தகட்டின் ஒரு பக்கத்தில்தான் கொத்தியிருக்கும். வலது கையில் பிடித்தால் பல் கீழ்ப்பக்கம் மண்ணைப் பார்த்து நின்று தாளைக் கவ்வும். அதே அரிவாளை இடது கைக்கு மாற்றினால் பல் வானத்தைப் பார்க்கும், தாள் வழுக்கும். இத்தனை வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிய எனக்கு அது தெரியவே தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது.

நேரே அந்த ஊர் ஆசாரியிடம் போனேன். அவர் அரிவாளுக்குப் பல் கொத்துவதை அன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உளியை வைக்கிறார், தட்டுகிறார், நகர்த்துகிறார். கண் என் முகத்தில், வாய் மழையைப் பற்றி. கையோ தன்பாட்டில் ஒரு மயிரிழை பிசகாமல் பல்லுக்குப் பல் கொத்திக்கொண்டே போகிறது. அப்பாடி! நான் என் வாழ்நாளில் ஒரு கோட்டைக்கூட அப்படிப் போட்டதில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

இடக்கைக்கு ஒன்று கேட்டதும் அவர் மறுக்கவில்லை. ஒரு தகட்டைத் திருப்பிப் போட்டுக் கொத்தத் தொடங்கினார். நாலு பல் சரியாக விழுந்தது. ஐந்தாவது தானாகப் பழைய சாய்வுக்கே போய்விட்டது. மறுபடியும் முயன்றார். மறுபடியும் அதே கதை. உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க வாத்தியாரய்யா. முப்பது வருசமா இந்தக் கை ஒரே பக்கம் போயிருச்சு. இனிமே நான் சொன்னாலும் கேக்காது" என்றார். பிறகு சிரித்தார். "கொல்லன் ஒலைக்களத்துல ஈக்கு என்ன வேலைம்பாக. நீங்கதான் அந்த ஈ. ஆனா இத ஈதான் செய்ய முடியும்போல. ஒங்க கைக்குத்தான் இன்னும் ஒரு பழக்கமும் வரலையே!"

எனக்கு வந்த கோபத்தில் சைக்கிளை மிதித்த மிதியில் இலுப்பூர் பாதி நேரத்தில் வந்துவிட்டது. யாரைப் பார்த்து ஈ என்கிறான்? வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதுதான் அந்த மனுஷன் சொன்னது முழுதாக எனக்கு உறைத்தது. அவரால் முடியாதது என்னால் முடியும் என்றல்லவா சொல்லியிருக்கிறார்.

பழைய லாரி ஒன்றின் வில்பட்டையில் ஒரு துண்டை ராவுத்தர் எங்கிருந்தோ கொண்டுவந்தார். அதைக் காய்ச்சி அடித்து நீட்டி வளைத்து மெலிதாக்க ஆறு சாயங்காலம் பிடித்தது. பிறகு என் வித்தையைக் காட்டினேன். டிராயிங் மாஸ்டர் இல்லையா? இடக்கை அரிவாளைக் காகிதத்தில் அச்சு அசலாக வரைந்தேன். பல் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கரித்துண்டால் கோடு போட்டேன். காகிதத்தைத் தகட்டின்மேல் கவிழ்த்து, முதுகில் தேய்த்தேன். கரிக்கோடு அழகாக இரும்பில் இறங்கியது. பையன்களுக்குத் துணியில் பூ வரையச் சொல்லிக்கொடுக்கிற அதே முறை. அந்தக் கோட்டின்மேல் உளி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நூற்றுச் சொச்சம் பல் கொத்தினேன். மூன்று நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

மார்கழிக் கடைசியில் அதை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் இடது கையில் வாங்கினாள். பல் வானத்தைப் பார்த்தது.

"தம்பி, நல்லாத்தான் செஞ்சிருக்க" என்றாள். "ஆனா இது வலது கைக்குல்லடா இருக்கு."

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. அழுதிருந்தாலும் தேவலை. தூங்குகிற பிள்ளையைத் தொடுகிற மாதிரி அந்தப் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். அறுப்புக்கு இருபது நாள்கூட இல்லை. வீட்டுக்கு வந்து அரிவாளைக் கொல்லையில் விட்டெறிந்தேன், மனைவியிடம் எரிந்து விழுந்தேன், சோறு வேண்டாம் என்றேன். ராவுத்தர்தான் அரிவாளை எடுத்துத் துடைத்து, நான் வரைந்த காகிதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மாஸ்டர், அச்சடிச்ச சீட்டித் துணியத் திருப்பிப் போட்டுப் பாத்திருக்கீங்களா? வலது பக்கம் சாஞ்ச பூவு எடது பக்கம் சாஞ்சிருக்கும். நீங்க காகிதத்தக் கவுத்துப்போட்டுல்ல தேச்சீங்க? எடது கை அங்கேயே வலது கையாப் போச்சு."

முப்பத்தைந்து வயசு டிராயிங் மாஸ்டருக்கு ஒரு துணிக்கடைக்காரர் சொல்லித்தான் அது தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துச் சிரிக்க, கடைசியில் நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்கே மறுபடியும் உலையை மூட்டினோம். ஒரு தடவை செய்துவிட்டதால் இந்த முறை தகடு சீக்கிரம் கையில் வந்தது. பொங்கல் லீவு முழுக்கக் கொட்டகையிலேயே கிடந்தேன். காகிதத்தைத் தொடவே இல்லை. இடது கையில் தகட்டைப் பிடித்து, எந்த முகம் கீழே வருகிறது என்று பார்த்து, அந்த முகத்திலேயே கரியால் நேராகக் கோடு போட்டேன்.

பல் கொத்தி முடித்துக் காய்ச்சிய தகட்டை இலுப்பெண்ணெயில் முக்கினோம். முறுகிப்போன இரும்பு அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, இளஞ்சூட்டில் காட்டி, கொஞ்சம் இளக்க வேண்டும். அப்போது இரும்பில் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் நிறம் வந்தது. அது மெல்லத் தேன் நிறமானது. தேனுக்குள்ளிருந்து கத்தரிப்பூ நிறம் எட்டிப் பார்த்தது. என்னுடைய வர்ணப் பெட்டியில் இல்லாத நிறங்கள், யாரும் தீட்டாமல், இரும்பின் மேல் தானாக நடந்து போயின. நான் மலைத்துப்போய் நின்றுவிட்டேன். "மாஸ்டர், தண்ணி! தண்ணி!" என்று ராவுத்தர் கத்தியதால்தான் சரியான நேரத்தில் முக்கினேன்.

அரிவாளோடு போன அன்றைக்கே அறுப்பு தொடங்கியிருந்தது. வரிசையை நடத்துகிறவள் எங்களுக்கு மதினி முறை. வாட்டசாட்டமான பொம்பளை, அவள் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு இல்லை. அக்காவின் கையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"எடது கையால அறுத்த நெல்லு களத்துல தங்காதும்பாக. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் மதினி. வேற கை இல்லையே" என்றாள் அக்கா.

மதினி சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "அந்தா, எடது கோடியில வரப்ப ஒட்டி நில்லு. மத்தவளுக கையில இடிக்காம அறு" என்றாள்.

பத்து நாள், பத்து வயல். பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் நான் இலுப்பூரில் இருந்தேன். அவள் வரப்போரமாகவே நின்று அறுத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஆள் மூலம் தெரிந்தது. முறைப்படி கடைசி வயல் அவளுடையது. அது ஞாயிற்றுக்கிழமை. முதல் நாளே நான் போய்விட்டேன். "எல்லாரும் வர்றதாச் சொன்னாங்களாக்கா?" என்று கேட்டேன். "நான் கேக்கல. அவுகளும் சொல்லல" என்றாள். ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

விடிந்தது. பிள்ளைகள் இரண்டும் தூக்கக் கலக்கத்தோடு வரப்பில் உட்கார்ந்திருந்தன. கதிர் கனத்துத் தலை சாய்ந்து கிடந்தது. கை பட்டாலே நாலு மணி உதிர்ந்தது. வெயில் கண்மாய்க் கரைக்கு மேலே வந்துவிட்டது. ஒருத்தரையும் காணோம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து நாள் வேலை வாங்கிக்கொண்டு இப்படியா செய்வார்கள், ஊருக்குள் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். "பேசாம இரு" என்றாள் அக்கா.

அப்போதுதான் மடைப் பக்கமிருந்து வரப்போடு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். பத்துப் பேர். முன்னால் மதினி. "மாடு ஈனிருச்சுடி, அதான் நேரமாயிப்போச்சு" என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே சேலையை வரிந்து கட்டினாள்.

வயலுக்குச் சொந்தக்காரர்தான் கிழக்கே பார்த்து முதல் பிடியை அறுக்க வேண்டும். எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். அக்கா இறங்கினாள். இடது கையில் இருந்த அரிவாளை ஒரு நிமிஷம் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, அதை வலது கைக்கு மாற்றினாள். முதல் பிடியை இடது கையால் அறுத்தால் குற்றமாகிவிடும் என்று பயந்துவிட்டாள். நாலு விரலால் அழுத்திப் பிடித்துக் குனிந்தாள். அரிவாள் நழுவிச் சேற்றில் விழுந்தது.

மதினி போய்க் குனிந்து அதை எடுத்தாள். தன் முந்தானையால் சேற்றைத் துடைத்தாள். அக்காவின் இடது கையை விரித்து அதில் வைத்தாள்.

"இந்தக் கைதானடி பத்து வயல அறுத்துச்சு? அத்தனை நெல்லும் களத்துலதான கெடக்கு? அறு."

அக்கா அறுத்தாள். ஒரே இழுப்பு. நான் கொத்திய பல் தாளைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் செய்ததுதான், எனக்கே நம்ப முடியவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்து, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

முதல் பிடியைக் கிழக்கே வைத்துக் கும்பிட்டுவிட்டு, அக்கா வழக்கம்போல இடது கோடி வரப்பைப் பார்த்து நடந்தாள்.

"அங்கிட்டு எங்க போற?" என்று மதினி அதட்டினாள். "ஒன் வயலுல நீ ஓரத்துலயா நிப்ப? இங்கிட்டு வா, நடுவுல நில்லு."

அக்கா வந்து நடுவில் நின்றாள். இடது பக்கம் நின்ற ஐந்து பேரும், யாரும் சொல்லாமலே, ஆளுக்கு ஒரு முழம் தள்ளி நின்று அவள் கைக்கு இடம் விட்டார்கள்.